மாணவரின் டிஜிட்டல் இரட்டை: பல்கலைக்கழக ஆட்சிமன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சிமன்றக் குழு உறுப்பினர்களுக்கும் கல்விக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

‘டிஜிட்டல் இரட்டை’, அதாவது உண்மையான ஒன்றின் தரவைக் கொண்டு கணினியில் இயங்கும் அதன் பிரதி, என்ற பெயரில் மென்பொருள் நிறுவனங்கள் தரும் திட்ட முன்வரைவுகள் உங்கள் மேசைக்கு வரத் தொடங்கிவிட்டன. ஒரே கோப்பில், ஒரே விலைப்பட்டியலில், இரண்டு வேறு பொருள்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். ஒன்று, கட்டடங்களுக்கும் ஆய்வகக் கருவிகளுக்கும் கணினியில் உருவாக்கும் இரட்டை. மற்றொன்று, மாணவருக்கும் ஆசிரியருக்கும் உருவாக்கும் இரட்டை. முதலாவதை மனமார வரவேற்கிறேன். இரண்டாவதில் நீங்கள் கையெழுத்திடுவதற்கு முன், பல்லாண்டுகளாக வகுப்பறையில் நிற்கும் ஓர் ஆசிரியர் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

இந்தத் தொழில்நுட்பம் எங்கே பிறந்தது என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, வீரர்களை மீட்கும் வழிமுறைகளைப் பூமியில் இருந்த சிமுலேட்டர்களில்தான் ஒத்திகை பார்த்தார்கள். பழுதான விண்கலத்தின் நிலைக்கு ஏற்ப இங்கிருந்த மாதிரியையும் மாற்றி, அதில் தேறிய வழிமுறையையே மேலே சொல்லி அனுப்பினார்கள். இந்தச் சிந்தனைக்கு 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ் ஒரு வரைவடிவம் கொடுத்தார்: உண்மையான பொருள், கணினியில் அதன் பிரதி, இரண்டுக்கும் இடையே ஓடும் தரவு. ‘டிஜிட்டல் இரட்டை’ என்ற பெயர் 2010 வாக்கில் நாசாவில் புழக்கத்துக்கு வந்தது. விமான என்ஜின், காற்றாலை, மின்நிலையம் என்று அது பரவியதற்குக் காரணம் எளிது. பழுது வருவதற்கு முன்பே அது வரப்போவதைத் தெரிந்துகொள்ளலாம்.

இதே திறனைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்துவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. வேதிவினைக் கலனின் அழுத்தத்தை எல்லை தாண்ட விட்டு என்ன ஆகிறது என்று பார்க்க எந்த ஆய்வகமும் மாணவரை அனுமதிக்காது. இரட்டையில் தாராளமாகப் பார்க்கலாம். குளிர்விக்கும் நீரை எந்த நிமிடத்தில் திறந்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று பின்னோக்கி ஓட்டியும் பார்க்கலாம். தசோ சிஸ்டம்ஸ் நிறுவனம் 2014இல் தொடங்கிய இதயத் திட்டம், மின்துடிப்பு எப்படித் தசையின் அசைவாகிறது என்பதை முப்பரிமாணத்தில் இயக்கிக் காட்டும் மாதிரியை உருவாக்கியது. அப்படியொரு மாதிரியில் ஒரு வால்வைச் சுருக்கி, இரத்த ஓட்டம் எப்படித் தடுமாறுகிறது என்று பார்க்கும் மருத்துவ மாணவருக்கு, பாடநூலின் ஒரு பத்தி கண்முன்னே உயிர் பெறுகிறது. விடுதிகளின் மின்செலவைக் குறைக்க, தண்ணீர்க் குழாயின் கசிவைக் கண்டுபிடிக்க, தீ விபத்தில் வெளியேறும் வழிகளைச் சோதிக்க என்று வளாகத்துக்கும் இதனால் நன்மை உண்டு. இவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

மாணவரின் இரட்டை இந்த வரிசையில் வராது. அது எதிலிருந்து செய்யப்படுகிறது என்று பாருங்கள்: பாடங்களை இணையத்தில் தரும் கற்றல் மேலாண்மைத் தளத்தில் எத்தனை முறை நுழைந்தார், காணொளியை எந்த நொடியில் நிறுத்தினார், நூலக வாயிலில் அட்டையை எப்போது காட்டினார், வளாக வைஃபையில் எந்தக் கட்டடத்தில் எவ்வளவு நேரம் இருந்தார், கட்டணத்தை எப்போது கட்டினார், பள்ளி மதிப்பெண் என்ன, பெற்றோர் படித்தவர்களா. இவ்வளவையும் ஒன்றுசேர்த்து, இவர் அடுத்த பருவத்தில் என்ன செய்வார் என்று கணிக்கும் ஓர் உருவம் தயாராகிறது.

பொறியியலில் இதை மூன்று படிகளாகப் பிரிப்பவர்கள் உண்டு. தரவைக் கையால் உள்ளிட்டால் அது மாதிரி. பொருளிலிருந்து கணினிக்குத் தரவு தானாகவே ஓடினால் அது நிழல். கணினியிலிருந்து பொருளுக்கும் கட்டளை தானாகவே திரும்பி வந்தால்தான் அது இரட்டை. என்னைப் பொறுத்தவரை அறச்சிக்கலின் பெரும்பகுதி இந்தத் திரும்பி வரும் பாதையில் இருக்கிறது. என்ஜினுக்குத் திரும்பி வருவது “எரிபொருளைக் குறை” என்ற கட்டளை. மாணவருக்கு என்ன திரும்பி வரும்? “இந்த விருப்பப்பாடம் உனக்கு ஒத்துவராது.” “இந்தத் துறையில் நீ தேறும் வாய்ப்பு குறைவு.” “உதவித்தொகைப் பரிந்துரையில் உன் பெயர் கீழே போய்விட்டது.” இதில் எது ஆலோசனை, எது ஆணை என்று பதினெட்டு வயதுப் பிள்ளையால் பிரித்தறிய முடியாது. பல நேரங்களில் அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டதே அவருக்குத் தெரியவராது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆலோசகர்களின் திரையில் ஒரு மாணவியின் பெயருக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிற வட்டம் தொடர்ந்து எரிந்துகொண்டிருந்தது. கவனச்சிதறல் அதிகம், நள்ளிரவுக்குப் பின் ஒழுங்கற்ற நடமாட்டம், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத பக்கங்களில் நீண்ட நேரம் என்று குறிப்புகள். அழைத்துப் பேசியபோது விஷயம் விளங்கியது. வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினி. மாலையில் தம்பி பள்ளிப்பாடம் செய்வான். இரவில் வேலை தேடும் அண்ணன் விண்ணப்பங்கள் அனுப்புவார். எல்லோரும் முடித்த பிறகு, தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் இவர் உட்கார்வார். இவர் பெயரில் திறந்து கிடந்த கணக்கிலேயே மூவரும் வேலை பார்த்திருக்கிறார்கள். கணினி மூன்று பேரைக் கலந்து ஒரு மாணவியைச் செய்து வைத்திருந்தது. அவருடைய உள்மதிப்பீட்டு விடைத்தாள்களோ நேர்த்தியாக இருந்தன. அவருக்குத் தேவைப்பட்டது கவனப் பயிற்சி அல்ல, நூலகத்தில் மாலை நேரத்துக்கு ஒரு கணினி. அதைச் சொல்லும் நிரல் எதுவும் அந்த மென்பொருளில் கிடையாது, ஏனென்றால் அதற்கான கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவில்லை.

இதைத் தரவுப்பிழை என்று சொல்லி, அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடுவதாக விற்பனையாளர் உறுதியளிப்பார். செய்யட்டும். தரவு முழுவதும் துல்லியமாகிவிட்டாலும் தீராத ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. என்ஜின் தன்னைப் பற்றிய கணிப்பைக் கேட்பதில்லை. மாணவர் கேட்கிறார். அவருடைய ஆசிரியரும் கேட்கிறார். கேட்ட பிறகு இருவருமே பழைய ஆட்களாக இருப்பதில்லை. ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1960களில் கலிபோர்னியாவின் ஒரு தொடக்கப்பள்ளியில் செய்த ஆய்வு கல்வியியலில் பலரும் அறிந்தது. குழந்தைகள் சிலரின் பெயரைக் குறிப்பிட்டு, இவர்கள் இந்த ஆண்டு வேகமாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். பெயர்கள் குருட்டுவாக்கில் எடுக்கப்பட்டவை. ஆண்டு முடிவில், குறிப்பாகக் கீழ் வகுப்புகளில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரிது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் வாதம் உண்டு. ஆனால் எதிர்பார்ப்பு என்பது வகுப்பறைக்குள் ஒரு செயலாகவே மாறிவிடுகிறது என்பதை எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். ‘இடைநிற்க வாய்ப்புள்ளவர்’ என்று திரையில் படித்த பிறகு அந்த மாணவரிடம் கடினமான கேள்வியைக் கேட்க நம் நாக்கு எழுவதில்லை. கணிப்பு பலித்துவிடும். பலித்த கணிப்பைக் காட்டி, மென்பொருள் துல்லியமானது என்று அறிக்கை எழுதுவார்கள்.

பராமரிப்புப் பொறியாளருக்கு, எதிர்பார்த்த பாதையிலிருந்து பொருள் விலகுவது பழுதின் அறிகுறி. நமக்கோ அப்படி விலகுவதுதான் கல்வி. கணக்குப் படிக்க வந்தவர் இரண்டாம் ஆண்டில் மொழியியல் மீது காதல் கொள்வதும், முதல் பருவத்தில் தோற்றவர் மூன்றாம் ஆண்டில் வகுப்புக்கே பாடம் எடுப்பதும் நம் தொழிலின் தினசரி நடப்பு. கடந்தகாலத் தரவில் நேற்றைய மாணவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

அந்த நேற்றைய தரவை நம்பியதால் என்ன ஆனது என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 2020இல் கொரோனாவால் தேர்வுகள் நின்றபோது, பல்கலைக்கழக நுழைவுக்கு அடிப்படையான ஏ-லெவல் தரங்களை ஓர் அல்காரிதம் தீர்மானித்தது. பள்ளியின் முந்தைய மூன்று ஆண்டுத் தேர்ச்சி அதில் முக்கியக் கூறு. ஆகஸ்ட் 13 அன்று முடிவுகள் வந்தபோது, ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீடுகளில் ஏறக்குறைய 40 சதவீதம் கீழிறக்கப்பட்டிருந்தன. மிகச் சிறிய வகுப்புகளுக்கு ஆசிரியர் மதிப்பீட்டை அப்படியே ஏற்றுக்கொண்டதால், அத்தகைய வகுப்புகள் அதிகமுள்ள கட்டணப் பள்ளிகள் பயனடைந்தன. சுமாரான பள்ளியில் படித்த கெட்டிக்கார மாணவர் தன் பள்ளியின் வரலாற்றைச் சுமந்தார். மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். நான்கே நாள்களில் அரசு பின்வாங்கியது. அது முடிவு வெளிப்படையாக வந்ததால் எழுந்த எதிர்ப்பு. டிஜிட்டல் இரட்டையின் முடிவுகள் அன்றாடம், துளித்துளியாக, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரும். எதிர்ப்புக்காகத் திரள ஒரு நாள் என்று எதுவும் இருக்காது, கூட்டமும் சேராது.

அமெரிக்காவில் பல பெரிய பல்கலைக்கழகங்கள் பயன்படுத்திவந்த கணிப்பு மென்பொருள் ஒன்றை 2021இல் ‘தி மார்க்கப்’ என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. மாணவரின் இனம் அதில் கணிப்பைப் பெரிதும் பாதிக்கும் காரணியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. சில இடங்களில் வெள்ளை மாணவர்களைவிட நான்கு மடங்கு வரையிலான விகிதத்தில் கறுப்பின மாணவர்கள் ‘அபாய நிலை’ என்று குறிக்கப்பட்டிருந்தார்கள். இனம் என்ற நெடுவரிசையை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். முகவரியும் பள்ளியின் பெயரும் கட்டணம் கட்டிய தேதியும் சேர்ந்தால் அதே செய்தியை வேறு வாயால் சொல்லிவிடும். எந்தச் சமூகத்தில் எந்தப் பிரிவினர் நெடுங்காலம் வெளியே நிறுத்தப்பட்டார்களோ, அவர்களே அந்தக் கணக்கிலும் வெளியே நிற்பார்கள்.

இன்னொரு நிகழ்வு என்னை நெடுநாள் உறுத்தியது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் 2015இல் புதிய மாணவர்களுக்கு ஒரு கருத்துக்கணிப்பு கொடுக்கப்பட்டது. இதில் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் இல்லை என்று அவர்களிடம் சொன்னார்கள். பிள்ளைகள் மனம் திறந்து எழுதினார்கள். தத்தளிக்கக்கூடியவர்களை அதை வைத்து அடையாளம் கண்டு, மாணவர் எண்ணிக்கையை அதிகாரபூர்வமாகக் கணக்கிடும் நாளுக்கு முன்பே இருபது, இருபத்தைந்து பேரை வெளியேறச் செய்தால் தக்கவைப்பு விகிதம், அதாவது படிப்பைத் தொடரும் மாணவர்களின் விகிதம், உயரும் என்பது பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவரின் திட்டம். பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். மாணவர் பத்திரிகை 2016 ஜனவரியில் அதை அம்பலப்படுத்தியது. பிப்ரவரி முடிவில் தலைவர் பதவி விலகினார். அங்கே இருந்தது வெறும் கேள்வித்தாள். உதவி தேவைப்படுகிறவர் யார் என்று காட்டும் பட்டியலும், கழித்துக்கட்ட வசதியானவர் யார் என்று காட்டும் பட்டியலும் ஒரே பட்டியல்தான் என்பதை அது நிரூபித்துவிட்டது. எப்படிப் பயன்படும் என்பது அதைக் கையில் வைத்திருப்பவரின் நோக்கத்தைப் பொறுத்தது. நோக்கங்கள் பதவியோடு மாறும். தரவு அப்படியே இருக்கும். இன்று உங்கள் குழு நல்லெண்ணத்தோடு வாங்குவதை நாளை வரும் குழு எப்படிப் பயன்படுத்தும் என்பதற்கு இன்றே விதி எழுதி வைத்தாக வேண்டும்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012 முதல் ஏறக்குறைய 800 அபாயக் குறியீடுகளைக் கண்காணிக்கும் கணிப்பு முறையைப் பயன்படுத்துகிறது. அங்கே பட்டம் பெறுவோர் விகிதம் உயர்ந்தது. இனங்களுக்கு இடையிலான இடைவெளியும் மறைந்தது. இந்த வெற்றியை விற்பனையாளர்கள் எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் மென்பொருளோடு சேர்த்துப் பல புதிய ஆலோசகர்களையும் பணியமர்த்தியது, சிறு தொகை இல்லாமல் படிப்பைக் கைவிட இருந்தவர்களுக்குப் பண உதவியும் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எச்சரிக்கை எழுந்ததும் மாணவரைக் கூப்பிட்டுப் பேச ஒரு மனிதர் இருந்தார். ஆலோசகர் பணியிடங்களை நிரப்பாமல் மென்பொருளை மட்டும் வாங்கும் நிர்வாகம், காய்ச்சல்மானியை வாங்கி வைத்துக்கொண்டு மருத்துவரை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவமனையைப் போன்றது. நிதிநிலை அறிக்கையில் மனிதர்களுக்கான வரி முதலில் இடம்பெறட்டும்.

ஒப்புதல் பற்றிப் பேசுவோம். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட வைப்பதை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடம் கிடைக்குமா என்று பயந்து நிற்கும் பிள்ளையிடம் அந்த நேரத்தில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடும். மறுத்தால் எந்த இழப்பும் இல்லை என்ற நிலையில் பெறுவதே ஒப்புதல். கணிப்பில் சேராத மாணவருக்கும் அதே ஆலோசகர், அதே உதவித்தொகை வாய்ப்பு, அதே வசதிகள் கிடைக்க வேண்டும். சேர்ந்த பிறகு விலகவும் வழி வேண்டும். எல்லாப் பல்கலைக்கழகங்களும் இப்படித்தான் செய்கின்றன என்ற சமாதானம் எடுபடாது. இணையவழித் தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொல்வதும் ஒரு காலத்தில் பரவலான வழக்கம்தான். கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த அப்படியொரு சோதனை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2022இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆசிரியரின் இரட்டை பற்றியும் சொல்லியாக வேண்டும். விரிவுரைப் பதிவுகள், பாடக்குறிப்புகள், மாணவர்களுக்கு எழுதிய பதில்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு பேராசிரியரின் குரலிலும் பாணியிலும் எந்நேரமும் பதில் சொல்லும் உருவத்தை இன்று உருவாக்க முடிகிறது. 2021 ஜனவரியில் கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் இணையவழிக் கலைவரலாறு படித்துவந்த ஒரு மாணவர், தன் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்ப முகவரி தேடினார். அவர் 2019லேயே இறந்துவிட்டார் என்ற செய்திதான் கிடைத்தது. பாடத்தை நடத்த வேறு ஆசிரியர் இருந்தார். விரிவுரைகள் மட்டும் மறைந்தவருடையவை. அதுவே அந்த மாணவரை நிலைகுலைய வைத்தது. அந்தக் காணொளிகள் வெறும் பதிவுகள், திருப்பிப் பேசாதவை. இனி திருப்பிப் பேசும். ஓய்வு பெற்றவரின் இரட்டை பாடம் நடத்தினால் ஊதியம் யாருக்கு? அது தவறாகச் சொன்னால் பொறுப்பு யாருக்கு? அவர் வாழ்நாளில் மாற்றிக்கொண்ட ஒரு கருத்தை இரட்டை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தும் உரிமை யாருக்கு? பணி ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் செருகி இவற்றுக்கெல்லாம் விடை சொல்லிவிட முடியாது. ஆசிரியர் உயிரோடு இருக்கும்போது, தனி ஒப்பந்தமாக, காலவரையறையோடு, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் உரிமையோடு மட்டுமே இதைச் செய்யலாம். நேரில் கற்பிக்க ஆசிரியரை நியமிக்காமல் இருப்பதற்கு இது ஒருபோதும் காரணமாகக் கூடாது.

பட்டம் வாங்கிப் போன பிறகு மாணவரின் இரட்டை என்ன ஆகும்? இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. 2014இல் கனெக்ட்எடு என்ற அமெரிக்கக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் திவாலானபோது, அதன் சொத்துகளோடு மாணவர்களின் விவரங்களும் விற்பனைக்குப் போகவிருந்தன. அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் தலையிட்டுக் கவலை தெரிவித்தது. பல்கலைக்கழகம் நூற்றாண்டு வாழலாம். அது ஒப்பந்தம் போட்ட நிறுவனம் ஐந்து ஆண்டுகள்கூடத் தாங்காமல் போகலாம். பத்தொன்பது வயதில் ஒருவர் எத்தனை மணிக்குத் தூங்கினார், எந்தப் பாடத்தில் தடுமாறினார் என்ற பதிவு, முப்பத்தைந்து வயதில் அவர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எங்கோ விலைக்குக் கிடைக்கக் கூடாது. மதிப்பெண் பட்டியல் நிலைக்கட்டும். நடத்தைத் தரவும் அதிலிருந்து செய்த இரட்டையும் பட்டமளிப்போடு அழிய வேண்டும், அழித்ததற்கான சான்று மாணவர் கையில் தரப்பட வேண்டும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், சேர்க்கை, கற்றல் மதிப்பீடு, தேர்வுக் கண்காணிப்பு ஆகியவற்றில் பயன்படும் அமைப்புகளை உயர் அபாயப் பிரிவில் வைத்திருக்கிறது. கல்வி நிலையங்களில் முகத்தையும் குரலையும் வைத்து உணர்ச்சியைக் கணிப்பதை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. நல்ல தொடக்கம். எல்லா நாட்டிலும் அப்படிச் சட்டம் இல்லை. இருக்கும் இடத்திலும், ஒரு மாணவரைப் பற்றித் துறைத்தலைவரின் மனத்தில் படியும் எண்ணத்தைச் சட்டத்தால் எட்ட முடியாது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதற்கு முன்பே, 2014இல், மாணவர் தரவுக்கென்று அறநெறிக் கொள்கை வகுத்தது. கண்ணுக்குத் தெரியும் தரவையும் அதற்கு நாம் தரும் விளக்கத்தையும் மட்டும் வைத்து ஒரு மாணவரை முழுமையாக வரையறுத்துவிடக் கூடாது என்பது அதன் நெறிகளில் ஒன்று. உங்களாலும் அப்படி முந்திக்கொள்ள முடியும்.

ஆகவே, வளாக இரட்டையையும் மனித இரட்டையையும் தனித்தனி ஒப்பந்தப்புள்ளிகளாகப் பிரியுங்கள். மனித இரட்டைக்கான கோப்பைப் பரிசீலிக்கும் குழுவில் மாணவர் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் வாக்குரிமையோடு இருக்க வேண்டும். பார்வையாளர்களாக உட்கார வைப்பது போதாது. கணிப்பைக் கொண்டு சேர்க்கை, தேர்ச்சி, உதவித்தொகை, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. உதவி செய்ய மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். தன்னைப் பற்றி இரட்டை என்ன சொல்கிறது என்பதை ஆலோசகருக்கு முன்பே மாணவர் பார்க்க வேண்டும். தவறு என்றால் அதன் பக்கத்திலேயே தன் விளக்கத்தை எழுத வேண்டும். அந்த விளக்கத்தைப் படிக்காமல் ஆலோசகரின் திரை திறக்கக் கூடாது. எந்தப் பிரிவு மாணவர்களிடம் கணிப்பு எவ்வளவு தவறியது என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அதை வெளியிட மறுக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்ட பல்கலைக்கழகங்களிடம் ஒரு கூடுதல் வேண்டுகோள். தரவு யாருக்குச் சொந்தம், எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படும், நிறுவனம் அதைத் தன் பிற தயாரிப்புகளுக்குப் பயன்படுத்தலாமா என்ற நான்கு செய்திகளைக் கூறும் ஒப்பந்தப் பிரிவுகளை, அடுத்த சேர்க்கை விண்ணப்பம் வெளியாவதற்கு முன் உங்கள் இணையதளத்தில் முழுமையாக வெளியிடுங்கள். விண்ணப்பிக்கும் மாணவர் அதைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கட்டும்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக ஆசிரியர்களில் ஒருவர்